ரெசின் முகமூடி: வண்ணத்துக்கு முன் தேய்ப்பு, பட்டி, பிரைமர்

2024 ஆகஸ்ட் 4 (வந்த கேள்வி)

வண்ணம் பூசாத வெறும் வார்ப்பாக ஹன்யா (ஜப்பானிய நோ நாடகத்தில் வரும் கொம்புள்ள பெண் பேய்) முகமூடி ஒன்றை வாங்கியிருக்கிறேன். பாலியூரித்தேன் ரெசினில் வார்த்தது. கொம்புகள் இரண்டும் தனியாக வந்துள்ளன. கையில் தடவினால் வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. கன்னத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடும், தாடைக்குக் கீழே ஊசி குத்தியது போன்ற சில துளைகளும் மட்டுமே தெரிகின்றன. ஃபில்லர் பிரைமரை (சிறு பள்ளங்களை நிரப்பும் தடித்த அடிப்பூச்சு) இரண்டு கோட் தடிப்பாக அடித்துவிட்டால் இவையெல்லாம் மறைந்துவிடும், தேய்ப்பும் பட்டியும் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சரிதானா?

2024 ஆகஸ்ட் 4, இரவு

மறையாது. பிரைமர் அடித்த பிறகு இப்போது தெரியாதவையும் சேர்ந்து தெரியும்.

வெறும் ரெசின் பாலேடு நிறத்தில், கொஞ்சம் ஒளி ஊடுருவும் தன்மையோடு இருக்கும். வெளிச்சம் மேற்பரப்பில் நிற்காமல் சற்று உள்ளே போய்த் திரும்புவதால் கீறலும் பள்ளமும் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. அதன்மேல் மங்கலான சாம்பல் நிறப் பிரைமர் ஒரு கோட் விழுந்தவுடன் ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அச்சுக் கோடு (நீங்கள் சொன்ன அந்த மெல்லிய கோடு), துளை, முந்தைய தேய்ப்பின் கீறல் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். இந்த வேலையில் பிரைமரின் முதல் பயன் காட்டிக்கொடுப்பதுதான். நிரப்புவது அதற்கு அடுத்தபடிதான்.

துளைகளைப் பொறுத்தவரை தடிப்பான கோட் நிலைமையை மோசமாக்கவே செய்யும். பிரைமர் துளையின் வாயை ஒரு மெல்லிய தோலாக மூடும். கரைப்பான் ஆவியாகும்போது அந்தத் தோல் உள்வாங்கும், அல்லது உள்ளே அடைபட்ட காற்று அதைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். இரண்டு வகையிலும் சுற்றிலும் விளிம்பு தடித்த ஒரு குழி மிஞ்சும். அச்சுக் கோட்டின் மேலும் இதே கதைதான்: மேட்டின் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அது மேடாகவே இருக்கும்.

உங்கள் முகமூடியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, வேலை நடக்கும் வரிசையில் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 5

முதலில் கழுவ வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் விடுபடுவதற்காக அச்சுக்குள் விடுவிப்புப் பூச்சு ஒன்றை அடிப்பார்கள்; பெரும்பாலும் அது சிலிக்கோன் எண்ணெய் அல்லது மெழுகு. அதன் ஒரு பங்கு வார்ப்பின் மேல் தங்கிவிடும். கழுவாமல் உப்புத்தாளை எடுத்தால் அந்த எண்ணெயை நாமே கீறல்களுக்குள் தேய்த்து இறக்கியவர்கள் ஆவோம். பிறகு என்ன துடைத்தாலும் முழுதாக வராது. அதன் விளைவு பிரைமர் அடிக்கும்போதுதான் தெரியும்: பூச்சு சில இடங்களில் வட்ட வட்டமாக விலகி, நடுவில் ரெசின் மீன்கண் போலத் தெரியும்.

பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ் ஆகியவை போதும். ஹன்யாவில் புருவச் சுருக்கங்களும், மூக்கின் ஓரப் பள்ளங்களும், பற்களின் இடுக்குகளும் எண்ணெய் தேங்கும் இடங்கள். கழுவியபின் குழாய்த் தண்ணீரை முகமூடியின் மேல் ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் மறுபடியும் கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் நல்லது. அதற்கு மேல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விரலின் எண்ணெயும் எண்ணெய்தான்.

2024 ஆகஸ்ட் 9

வெதுவெதுப்பான தண்ணீர் ஏன், கொதிநீர் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யாதா என்று ஒரு நண்பர் கேட்கிறார். பாலியூரித்தேன் வார்ப்பு சூட்டில் இளகும். தடிமன் குறைந்த முகமூடியைக் கொதிநீரில் போட்டால் கன்னங்கள் உள்நோக்கி மடங்கிவிடலாம்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். அஞ்சலில் நசுங்கிக் கோணலாகி வந்த முகமூடியைக் கை பொறுக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டுத் தண்ணீரில் சில நிமிடங்கள் வைத்து, தடித்த கையுறையோடு வளைத்து நிமிர்த்தி, அதே நிலையில் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அந்த வடிவத்தில் நின்றுவிடும். இதைப் பட்டி வைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பட்டி இறுகிய பிறகு வளைத்தால் ரெசின் வளையும், பட்டி வளையாது. இரண்டும் சேரும் ஓரத்தில் விரிசல் விடும். வேலை முடிந்த முகமூடியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

2024 ஆகஸ்ட் 11

இனித் தேய்ப்பு. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் முகமூடி அழகாக வருவதும் முகம் மழுங்கிப் போவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

அச்சுக் கோடு என்பது இரண்டு பாதி அச்சுகள் சந்தித்த இடம். அது பெரும்பாலும் வெறும் மேடாக மட்டும் இருப்பதில்லை. ஒரு பாதி மயிரிழை அளவு நகர்ந்திருந்தால் கோட்டின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் ஒரு படியாக இருக்கும். முதலில் கூர்மையான கத்தியைக் கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்தி, வெட்டாமல் சுரண்டி, மேட்டை எடுத்துவிடுங்கள். பிறகு 120 எண் உப்புத்தாள் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) அந்தக் கோட்டுக்கு மட்டும். முகம் முழுவதற்கும் 220, அதன்பின் 320. பிரைமருக்குக் கீழே 400க்கு மேல் போக வேண்டிய தேவை இல்லை. கண்ணாடி போலப் பளபளக்கும் வரை ரெசினைத் தேய்ப்பதில் உழைப்பைச் செலவிடுபவர்களைப் பார்க்கிறேன். பிரைமர் பற்றிக்கொள்ள நுண்ணிய கீறல்கள் வேண்டும், அவற்றை நாமே அழித்துவிடக் கூடாது.

விரலுக்கு நேர் கீழே தாளை வைத்துத் தேய்த்தால் விரல் அழுத்தும் இடத்தில் வாய்க்கால் விழும். கன்னம், நெற்றி போன்ற அகன்ற வளைவுகளுக்கு நான் பழைய ரப்பர் செருப்பின் அடியிலிருந்து வெட்டிய துண்டுகளைப் பயன்படுத்துகிறேன். கார் பட்டறைகளில் பட்டி பார்ப்பவர்களிடம் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. வளைவுக்கு ஏற்ப லேசாக வளையும், ஆனால் பள்ளத்துக்குள் இறங்காது. தாளை அதன்மேல் சுற்றி, ஒரே திசையில் இழுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். தாள் மழுங்கியதும் மாற்றிவிடுங்கள். மழுங்கிய தாளை அழுத்தித் தேய்த்தால் சூடேறி ரெசின் துகள் தாளிலேயே அப்பிக்கொள்ளும், அந்த அப்பல் புதிய கீறல் போடும்.

ஹன்யாவின் முகம் அதன் விளிம்புகளில்தான் உயிரோடு இருக்கிறது. புருவ மேட்டின் முனை, உதட்டின் ஓரம், மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு ஆகிய கூர்மைகள் போய்விட்டால் கோபமும் துயரமும் ஒன்றாகக் கலந்த அந்த முகம் வெறும் பொம்மை முகமாகிவிடும். விளிம்பின் ஒரு பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி மறுபக்கத்தை மட்டும் தேய்த்து, பிறகு டேப்பை இடம் மாற்றி ஒட்டி அடுத்த பக்கத்தைத் தேய்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். அதைக் குறைக்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. மடிப்புகளின் உள்ளே ஐஸ்குச்சியின் முனையைச் சரிவாகச் சீவி, அதில் தாளை ஒட்டித் தேய்க்கலாம்.

2024 ஆகஸ்ட் 12

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். ரெசின் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. என்95 முகக்கவசம் குறைந்தபட்சம். ஆனால் அது தூசிக்கு மட்டுமே. பிரைமர், தின்னர் ஆகியவற்றின் ஆவியை அது தடுக்காது. அதற்குக் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும். கண்ணாடி இழை சேர்த்த பாலியெஸ்டர் வார்ப்பாக இருந்தால் தூசி தோலிலும் அரிப்பு உண்டாக்கும். முழுக்கைச் சட்டை அணிந்து, வேலை முடிந்ததும் அதைத் தனியாகத் துவையுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு-கூறுப் பிரைமர்களில் ஐசோசயனேட் இருக்கும் வகைகள் உண்டு. அவற்றை வீட்டு மொட்டை மாடியில் அடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

2024 ஆகஸ்ட் 18

பட்டி.

தாடைக்குக் கீழே சில துளைகள் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணுக்குத் தெரியும் துளை பெரும்பாலும் ஒரு குமிழியின் வாய் மட்டுமே. வாய் சிறியது, வயிறு பெரியது. அப்படியே பட்டியைத் தேய்த்தால் வாயில் மூடி போட்டதுபோல் நிற்கும், அடுத்த தேய்ப்பில் மூடி கழன்றுவிடும். ஆகவே முதலில் துளையைப் பெரிதாக்க வேண்டும். கைப்பேசியின் டார்ச்சை முகமூடிக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தடித்த ஊசியால் ஒவ்வொரு துளையையும் குத்திப் பாருங்கள். அருகில் வெளிறிய புள்ளியாகத் தெரியும் இடங்களிலும் குத்துங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் குமிழி இருந்தால் ஊசி சட்டென்று உள்ளே இறங்கும். சிறிய ட்ரில் முனையைக் கையால் சுழற்றி வாயை விரித்துவிட்டால் பட்டி அடிவரை போகும்.

எந்தப் பட்டி என்பது பள்ளத்தின் ஆழத்தைப் பொறுத்தது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி ஒரே டப்பாவில் வருவது, கரைப்பான் ஆவியாகிக் காய்வது. எனவே காயும்போது சுருங்கும். கீறல்களுக்கும் ஊசிமுனைப் பள்ளங்களுக்கும் மிக மெல்லியதாக இழுத்து, காயவிட்டு, மறுபடியும் இழுப்பதற்கு அது நல்லது. ஆழமான குழியை அதனால் ஒரே முறையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். நாம் தேய்த்துச் சமன்செய்த பிறகு மெல்ல உள்வாங்கும். ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி வேதிவினையால் இறுகுவதால் அந்த அளவுக்குச் சுருங்காது. அச்சுக் கோட்டின் படியையும் பெரிய குழிகளையும் அதுதான் தாங்கும். பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றைக் கரண்டியாக வைத்துக்கொண்டு, முதல் இழுப்பில் அழுத்தி உள்ளே செலுத்துங்கள், இரண்டாவது இழுப்பில் மேலே சமன்செய்யுங்கள்.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை விட்டு மேலே சமையல் சோடா தூவுவதும் ஒரு வழி, நொடியில் இறுகும். அது சுற்றியுள்ள ரெசினைவிடக் கடினமாக இறுகுவதால், தேய்க்கும்போது சுற்றுப்புறம் இறங்கி நிரப்பிய இடம் மேடாக நிற்கும். ஓரிரு குழிகளுக்கு மட்டும், சிறிய கட்டையின் மேல் தாளை வைத்துத் தேய்க்கத் தயாராக இருந்தால் பயன்படுத்துங்கள்.

கொம்புகளுக்குப் பசை மட்டும் போதாது. கொம்பு பெரும்பாலும் திடமான வார்ப்பு, முகம் உள்ளீடற்றது. பாரம் முழுதும் ஒட்டிய வாயில் விழும். கொம்பிலும் நெற்றியிலும் துளையிட்டுத் தடித்த கம்பித் துண்டு ஒன்றைச் செருகி, எப்பாக்ஸி வைத்து ஒட்டிய பின், சுற்றிலும் தெரியும் இடைவெளியில் எம்சீலை (பிசைந்து வைக்கும் எப்பாக்ஸி பட்டி) உருட்டி வைத்து, ஈர விரலால் நெற்றியின் வளைவோடு இழைத்துவிடுங்கள். அது இளகலாக இருக்கும்போதே வடிவத்தை முடித்துவிடுவது நல்லது. இறுகிய எம்சீலைத் தேய்ப்பது கடினம்.

2024 ஆகஸ்ட் 19

ஹார்டனர் அளவு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பாலியெஸ்டர் பட்டிக்கு எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு என்பது பொதுவான அளவு. டப்பாவில் வேறு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹார்டனருக்கு நிறம் கொடுத்திருப்பதே கலவை சீராகிவிட்டதா என்று தெரிவதற்காகத்தான்: சிவப்பு இழைகள் தெரியாமல் முழுதும் ஒரே இளஞ்சிவப்பாகும்வரை கலக்க வேண்டும். சென்னை வெயிலில் கலந்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் ஒரு நேரத்துக்கு நெல்லிக்காய் அளவு போதும். விரைவாக இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், அதிலுள்ள பெராக்சைடு மிஞ்சி, மேலே அடிக்கும் வண்ணத்தில் கறையாக எழும்பலாம். வெளிர் நிற முகத்தில் அது நன்றாகத் தெரியும். குறைத்தால் பட்டி பிசுபிசுப்பாகவே இருந்து தாளை அடைக்கும்.

2024 ஆகஸ்ட் 25

தண்ணீர் விட்டுத் தேய்ப்பதா, உலர்வாகத் தேய்ப்பதா என்பதில் இங்கே இரண்டு கட்சி உருவாகிவிட்டது. தூசி பறக்காது, தாள் அடைக்காது என்பதால் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டே தேய்க்கலாம் என்று ஒருவர் வாதிடுகிறார். ரெசினுக்கும் பிரைமருக்கும் அது முழுக்கச் சரி. வாட்டர் பேப்பரை ஊறவைத்து, தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் கலந்து தேய்த்தால் கீறல் மென்மையாக விழும்.

பாலியெஸ்டர் பட்டியின் நிலை வேறு. அதில் எளிதில் தேய்வதற்காக டால்க் சேர்த்திருக்கிறார்கள். பிரைமர் மூடாத பட்டி தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் பிரைமருக்குக் கீழே அடைபட்டால் பிறகு கொப்புளமாக எழலாம். ஆகவே பட்டியை உலர்வாகத் தேய்க்க வேண்டும் என்பதே என் கருத்தாக இருந்தது, அதையே முன்பெல்லாம் எழுதியும் வந்தேன். ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் பட்டியைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறார்கள், அந்தக் கார்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன என்று ஒரு நண்பர் சொன்னது நியாயம். யோசித்துப் பார்த்தால் வேறுபாடு தேய்ப்பில் இல்லை, காயவிடுவதில் இருக்கிறது: அவர்கள் வெயிலில் நிறுத்தி முழுக்கக் காய்ந்த பிறகே பிரைமர் அடிக்கிறார்கள். இரும்புத் தகடு வெயிலைத் தாங்கும். ரெசின் முகமூடியை அப்படி வெயிலில் காய்ச்ச முடியாது. எனவே முகமூடிக்கு என் முடிவு மாறவில்லை: பட்டி வெளியே தெரிந்துகொண்டிருக்கும்வரை உலர் தேய்ப்பு, பிரைமர் மூடியபின் ஈரத் தேய்ப்பு.

2024 செப்டம்பர் 1

கடையில் ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டவருக்கு: அது இரும்புக் கதவுக்கு. ஆல்கைட் எனாமல் வகை என்பதால் மெதுவாகவே இறுகும். அதன்மேல் லாக்கர் வகை (கரைப்பான் ஆவியாகி விரைவில் காயும்) ஸ்ப்ரே வண்ணம் விழுந்தால் கரைப்பான் உள்ளே இறங்கி, பூச்சு சுருக்கம் சுருக்கமாக எழுந்துவிடும். பிரைமரும் மேல் வண்ணமும் ஒத்துப்போகும் வகையில் தேர்ந்தெடுங்கள். சந்தேகம் இருந்தால் முகமூடியின் உட்புற மூலையில் அடித்துப் பாருங்கள்.

ஸ்ப்ரே டப்பாவை 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, முகமூடிக்கு வெளியே தொடங்கி, குறுக்கே கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். முதல் கோட் மூடக் கூடாது. புழுதி படிந்ததுபோல் ரெசின் அங்கங்கே தெரிய வேண்டும். சுருக்கங்களின் உட்பகுதியை முதலில் பக்கவாட்டிலிருந்து அடித்துவிட்டு, பிறகு மேடுகளுக்கு வாருங்கள். நேர் எதிரே நின்று மட்டும் அடித்தால் மேடுகளில் வழியும், பள்ளங்கள் வெறுமையாக நிற்கும். உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து பொடியாக விழுந்து மேற்பரப்பு மணல்போல் சொரசொரப்பாகும். காலை ஒன்பது மணிக்கு முன் நல்ல நேரம், பனி ஈரம் இல்லாவிட்டால்.

ஃபில்லர் பிரைமரை முகம் முழுதும் அடிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கன்னம், நெற்றி, தாடைக்கு அது. புருவச் சுருக்கத்துக்கும் பல்வரிசைக்கும் சாதாரண மெல்லிய பிரைமர் போதும், இல்லாவிட்டால் செதுக்கல் நிரம்பிவிடும்.

2024 செப்டம்பர் 8

படங்கள் பார்த்தேன். "பிரைமர் அடித்தபின் முன்பைவிட மோசமாகத் தெரிகிறது" என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். வருந்த வேண்டாம், பிரைமர் தன் வேலையைச் செய்திருக்கிறது. இடது கன்னத்தில் அச்சுக் கோட்டின் நிழல் இன்னும் இருக்கிறது, தாடையில் புதிதாக ஒரு துளைக் கூட்டம் வெளிப்பட்டிருக்கிறது.

இப்போது கைடு கோட் போடுங்கள். சாம்பல் பிரைமர் காய்ந்தபின் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து மிக லேசாகத் தூவி, காய்ந்ததும் 400 எண் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால், மேடுகளில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். தங்கிய கறுப்பு எல்லாம் பட்டி கேட்கும் இடம். தேய்க்கத் தேய்க்க ரெசின் வெளியே வந்துவிட்ட இடம் மேடு. அங்கே மேலும் தேய்க்காமல் அதைச் சுற்றி நிரப்புங்கள். பிறகு மறுபடியும் பிரைமர், மறுபடியும் கைடு கோட். கறுப்பு எங்கும் சீராகக் கரையும்வரை இந்தச் சுற்று போகும்.

2024 செப்டம்பர் 15

இவ்வளவு அடுக்கு உண்மையில் தேவையா என்ற கேள்விக்கு, ஹன்யா பிறந்த நோ நாடக மரபையே காட்டலாம். ஜப்பானிய நோ முகமூடிகளை ஹினோக்கி என்னும் சைப்ரஸ் மரத்தில் செதுக்கி, சிப்பி ஓட்டுப் பொடியான கோஃபுனை நிகாவா என்னும் விலங்குப் பசையில் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசி, காயவிட்டுத் தேய்த்துச் சமன்செய்த பிறகுதான் வண்ணம் இடுகிறார்கள். பொருள் மாறியிருக்கிறது, வேலையின் அமைப்பு மாறவில்லை. அந்த மெருகேறிய வெண்தளம் இருப்பதால்தான் மேடை விளக்கில் முகத்தைச் சற்றே தாழ்த்தினாலும் உயர்த்தினாலும் நிழல் சிக்கல் இல்லாமல் நகர்கிறது. ஓர் அச்சுக் கோடு குறுக்கே ஓடினால் அந்த நிழல் அங்கே உடைந்துவிடும்.

2024 அக்டோபர் 20

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. செப்டம்பரில் எழுதிய "காலை நல்ல நேரம்" என்பது இப்போது பொருந்தாது. இந்த மாதங்களில் காலையில்தான் காற்றில் ஈரம் அதிகம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது; காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, லாக்கர் பூச்சு வெண்மை பூத்துவிடும், பிடிப்பும் குறையும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் நான் டப்பாவைத் தொடுவதில்லை. மழை விட்ட நாளின் பிற்பகல் வரை காத்திருங்கள். அதுவரை தேய்ப்பு வேலை பார்க்கலாம், அதற்கு மழை தடையில்லை.

2024 அக்டோபர் 27

கடைசியாகக் கேட்ட இரண்டுக்கும் விடை.

உட்புறம்: முகத்தில் படும் பகுதி என்பதால் அதையும் கழுவி, 220 எண் தாளால் ஓரங்களையும் கண் துளைகளின் விளிம்பையும் உருட்டிவிட்டு, பிரைமரும் மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சும் கொடுங்கள். வியர்வை படும் இடம் அது. பஞ்சுத் திண்டு ஒட்டும் இடங்களில் மட்டும் டேப் ஒட்டி வெறும் ரெசினாக விட்டுவிடுங்கள், பசை அங்கே உறுதியாகப் பிடிக்கும். ஆவி மணம் முழுதும் போகும்வரை முகத்தில் அணிய வேண்டாம்.

கண்ணும் பற்களும்: ஹன்யாவுக்கு இவை பொன்னிறம். உலோக நிற வண்ணம் அடித்தளத்தின் ஒவ்வொரு கீறலையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், இந்த இடங்களில் மட்டும் பிரைமரை 600, 1000 என்று ஈரத் தேய்ப்பில் கொண்டுபோய், பளபளப்பான கறுப்பு அடித்து, அது நன்றாக இறுகியபின் பொன்னிறம் அடியுங்கள். முகத்தின் வண்ணத்தை முடித்த பிறகு இதைச் செய்வதானால், மாஸ்கிங் டேப்பைப் பற்களின் ஓரத்தில் நகத்தால் அழுத்தி ஒட்டி, பொன்னிறம் முழுதும் இறுகுவதற்கு முன்பே டேப்பை மெதுவாக, மேற்பரப்போடு படுக்கையாக மடித்து உரித்துவிடுங்கள்.